பூட்டுவதற்குச் சவுகரியமான நேரம்

தாராபுரத்துக்கு வெளியே வெள்ளிமயில் மாட்டுத் தீவனம் என்றொரு கம்பெனி இருக்கிறது. அந்தத் தீவனத்தைத் தின்கிற மாடுகளுக்கு இருக்கும் அறிவில் பாதி அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இருந்திருந்தால், இந்தக் கதை நடந்தே இருக்காது. இல்லை, அதனால் நடந்தது.

ஊர் ஊராகப் போய்த் தீவனம் விற்கிற ஆட்களுக்கெல்லாம் கம்பெனி ஆளுக்கொரு டேப்லட் கொடுத்திருந்தது. டேப்லட் தொலைந்தாலோ திருடு போனாலோ ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடியே அதைக் கத்த வைக்கலாம், பூட்டிப் போடலாம். அதற்கென்று சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்து ஏற்பாடு செய்து, விதிமுறைகளையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மகனைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய முதலாளி, அதில் எழுதியிருப்பதை ஒரு வரி பிசகாமல் செய்ய வேண்டும், யாரும் சொந்தமாக யோசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். இரண்டாவதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம்.

இந்தக் காரியத்துக்கென்று ஒரு பாதுகாப்புப் பிரிவும் இருந்தது. மேனேஜர் நாச்சிமுத்து, அவருக்கு உதவியாகச் சென்னியப்பன், கம்ப்யூட்டரில் கோகிலவாணி. மூன்று பேருக்கும் ஒரே மூளை என்றால் அந்த மூளை கோபித்துக்கொள்ளும்.

இவர்களிடம் வந்து மாட்டினான் திருமூர்த்தி.

திருமூர்த்தி பரம்பரைத் திருடன் இல்லை. காங்கேயத்தில் எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுக்கிறவன், கெட்டிக்கார வேலைக்காரன். முத்தூர் பால் சொசைட்டியில் மோட்டார் பார்க்கப் போனபோது அங்கே பால் ஊற்ற வந்த செல்வநாயகியைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் கட்டிய காயில் எல்லாம் ஒரு சுற்றுக் கூடுதலாகவே இருந்தது. கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று தரகரைப் பிடித்தான். செல்வநாயகியின் அப்பா குப்பண்ணன் கம்பெனி ஆபீசருக்குத்தான் பெண்ணைக் கொடுப்பார் என்றார் தரகர். சரி, ஆபீசர் என்றே சொல்லுங்கள் என்றுவிட்டான். வெள்ளிக்கிழமை காலையில் பெண் பார்க்க வரச் சொன்னார்கள்.

ஆபீசர் என்றால் கையில் தட்டையாக ஏதாவது இருக்க வேண்டாமா? இந்தக் கவலையோடு அவன் தாராபுரம் பஸ்ஸில் போனபோது, பக்கத்தில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மடியிலிருந்து ஒரு டேப்லட் நழுவி நழுவி இவன் மடிக்கே வந்து சேர்ந்தது. திருமூர்த்தி அதோடு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான்.

டேப்லட்டைத் திருப்பிப் பார்த்தான். முதுகில் வெள்ளிமயில் கம்பெனியின் வெள்ளை மயில் ஸ்டிக்கர், அதற்குக் கீழே பாஸ்வேர்டு கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. டேப்லட்டை வைத்திருப்பவருக்குப் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. யார் வைத்திருந்தாலும் தெரியட்டும் என்று நாச்சிமுத்து ஒட்டச் சொல்லியிருந்தார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று திருமூர்த்திக்கு எரிச்சலே வந்தது. திருடுகிறவனுக்கும் ஒரு கவுரவம் இருக்கிறது.

சற்று நேரத்தில் அந்த டேப்லட்டுக்கே ஒரு அழைப்பு வந்தது. பதறிப்போய் எடுத்துவிட்டான்.

"வணக்கமுங்க. டேப்லட்டத் திருடினது நீங்கதானுங்களா?" என்று ஒரு குரல் மரியாதையாகக் கேட்டது.

திருமூர்த்தி டேப்லட்டைக் கீழே போடப் பார்த்தான்.

"பயப்படாதீங்க. நான் மேனேஜர் நாச்சிமுத்து பேசறனுங்க. டேப்லட்டப் பூட்டறதுக்கு முன்னால அத வெச்சிருக்கறவருக்குத் தகவல் சொல்லி, அவரு வேலைய முடிக்க நேரம் குடுக்கோணும்னு எழுதியிருக்குதுங்க. உங்களுக்கு எந்த நேரம் சவுகரியப்படும்?"

இது போலீஸ் போட்ட தூண்டில் என்றுதான் எவனும் நினைப்பான். திருமூர்த்தியும் நினைத்தான். ஆனால் அந்தக் குரலில் இருந்த அப்பாவித்தனம் எந்தப் போலீசுக்கும் வராது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பூட்டிக்கொள்ளுங்கள் என்றான். ரொம்ப நன்றி என்றார் நாச்சிமுத்து. பேர் கேட்டார். அவர் கேட்ட பணிவில் மயங்கி உண்மைப் பேரையும் செல்போன் நம்பரையும் சொல்லித் தொலைத்தான். கோகிலவாணி அந்த டேப்லட்டை வைத்திருப்பவர் திருமூர்த்தி என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, டேப்லட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முத்தூர் போனான். குப்பண்ணன் வீட்டில் வாசலை ஒட்டியே மாட்டுக் கொட்டகை. வெள்ளை மயிலைப் பார்த்ததும் குப்பண்ணனுக்கு முகம் மலர்ந்தது. அவருடைய மாடுகள் தின்பதே அந்தத் தீவனம்தான். செல்வநாயகி காபி கொண்டுவந்தாள். இனி ஜாதகம் பார்ப்பதுதான் பாக்கி என்ற நேரத்தில், திருமூர்த்தியின் கக்கத்தில் ஒரு மாடு கத்தியது.

தாராபுரத்தில் அப்போது நடந்தது இதுதான். டேப்லட் தொலைந்தால் அதைக் கத்த வைத்து, சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கவனிக்க வேண்டும் என்றும் விதியில் இருந்தது. ஆபீசுக்குள்ளேயே எங்காவது வைத்து மறந்திருந்தால் தேடுவதற்காக எழுதியது. தீவனக் கம்பெனி என்பதால் சத்தத்துக்கு மாட்டின் குரலை வைத்திருந்தார்கள். கோகிலவாணி பட்டனை அழுத்த, மூவரும் வாசலுக்கு வந்து காதில் கை வைத்து நின்றார்கள்.

"எனக்கொண்ணும் கேக்குலீங்க," என்றான் சென்னியப்பன்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

காற்று மேற்கே இருந்து அடித்தது. திருடன் கிழக்கே இருந்தால் எப்படிக் கேட்கும் என்று யோசித்து, ஏணி போட்டுக் குடோன் கூரைமேல் ஏறினார்கள். அங்கேயும் கேட்கவில்லை. கேட்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

முத்தூரில் திருமூர்த்தி டேப்லட்டைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தான். மாடு இன்னும் ஆழமான குரலில் கத்தியது. கொட்டகையிலிருந்து ஒரு மாடு பதில் கத்தியது. அதைக் கேட்டு இன்னொன்று. குப்பண்ணன் ஜாதகத்தைக் கீழே வைத்தார்.

"செவலை மாடு பருவத்துக்குக் கத்துதாட்ட இருக்குது. சினை ஊசிக்காரருக்குச் சொல்லோணும். இருங்க மாப்ள, பாத்துட்டு வாரன்," என்று எழுந்து போனார்.

திருமூர்த்தி டேப்லட்டைத் தூக்கிக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி, டேப்லட்டுக்கு வந்த நம்பரைத் தன் செல்போனில் போட்டு நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு, சத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினான். நாச்சிமுத்து கூரைமேல் நின்றபடி பேசினார்.

"உங்களுக்குக் கேக்குதுங்களா?"

"ஊருக்கே கேக்குது. நிறுத்தித் தொலைங்க."

"எங்களுக்குக் கேக்குலீங்களே. நாங்கதான் கேக்கோணும்னு எழுதியிருக்குது."

திருமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு செல்போனை டேப்லட்டின் வாயருகே வைத்தான். மறுமுனையில் மூவரும் ஆனந்தக் கூத்தாடினார்கள். சத்தம் கேட்டுவிட்டது. கேட்டால் டேப்லட் பக்கத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் என்றால் குடோனில்தான் இருக்க வேண்டும். ஏணியில் இறங்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டுக் குடோனுக்குள் புகுந்து, தீவன மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட ஆரம்பித்தார்கள். அந்த அலைச்சலில், சாயந்திரம் பூட்டுவதாகச் சொன்னதைச் சுத்தமாக மறந்துபோனார்கள்.

சத்தம் நின்றதும் திருமூர்த்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். எதிரே செல்வநாயகி நின்றிருந்தாள்.

"ஹலோ, டேப்லட்டத் திருடின ஐயாவுங்களா, லைன்ல இருக்கீங்களா?" என்று செல்போன் கேட்டது. அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. காயில் கட்டுவதிலிருந்து பஸ் வரைக்கும் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டான்.

செல்வநாயகி சேலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டாள்.

"எங்கப்பனுக்குத்தான் ஆபீசரு வேணும். எனக்குக் காயில் கட்டறவரு போதும். ஆனா திருடன் வேண்டாம்," என்றாள். "கொண்டுபோய் ஆபீஸ்ல குடுத்துட்டு வாங்க. கெடச்சுதான்னு நானே போன் போட்டுக் கேப்பேன். கெடச்சிருச்சுன்னு அவங்க வாயால சொன்னா, நிச்சயத்துக்கு வாங்க. இல்லீன்னா இந்தப் பக்கம் வர வேண்டாம்."

இவ்வளவு சுலபமான காரியமா என்று திருமூர்த்தி சந்தோஷப்பட்டான். திருடின பொருளைத் திருப்பிக் கொடுத்தால் எவன் வேண்டாம் என்பான்? அவனுக்கு வெள்ளிமயிலைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் தாராபுரம் போனான். கம்பெனி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில், பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கினாரே, அவர் உட்கார்ந்திருந்தார். பேர் பழனிக்குமார். டேப்லட் தொலைந்தால் அதில் வேலை செய்தவரை உள்ளே விடக் கூடாது என்று எழுதியிருக்கிறதாம். கம்ப்யூட்டருக்குள் விடக் கூடாது என்றுதான் நிபுணர் எழுதினார். இவர்கள் கேட்டுக்குள்ளேயே விடவில்லை.

திருமூர்த்தி அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு டேப்லட்டைக் கையில் கொடுத்தான். பழனிக்குமாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து உள்ளே போனார்கள். அதைப் பார்த்துச் சென்னியப்பன் அலறினான். உள்ளே வரக் கூடாத ஆள் கம்பெனி டேப்லட்டோடு வருகிறார் என்றால் அவர் திருடன் அல்லாமல் வேறு யார்? பழனிக்குமாரின் கையிலிருந்து டேப்லட்டைப் பிடுங்கி, அதை யார் வைத்திருக்கிறார் என்று கம்ப்யூட்டரில் பார்த்து, திருமூர்த்தியிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். நடந்ததற்கு மன்னிப்பும் கேட்டான். பழனிக்குமார் மறுபடியும் வேப்பமரத்தடிக்குப் போனார்.

திருமூர்த்தி நேராக நாச்சிமுத்துவின் மேஜைக்குப் போய், டேப்லட்டை ஓங்கி வைத்தான். இதை வாங்கிக்கொள்ளுங்கள், பூட்டுங்கள், உடையுங்கள், என்னை விடுங்கள் என்றான்.

நாச்சிமுத்து டேப்லட்டை ஏதோ பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். விதிமுறைகளை எடுத்து வைத்து மூவரும் வெகுநேரம் ஆலோசனை செய்தார்கள். தொலைந்த டேப்லட்டைத் தொலைவிலிருந்தே பூட்ட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது.

"இப்படிக் கைக்குக் கிட்டக் கொண்டாந்துட்டா எப்படிங்க பூட்டறது?" என்றார் நாச்சிமுத்து. அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"கிட்ட இருந்தா பூட்டவே வேண்டாமே. பொருள் வந்து சேந்துருச்சுல்ல?"

"பூட்டாம எப்படிங்க வாங்கறது? பூட்டினப்புறம் தேடிக் கண்டுபிடிக்கோணும், அப்புறந்தான் வாங்கோணும். வரிசை இருக்குதுல்லீங்க."

எவ்வளவு தூரம் போனால் தூரம் என்று அடுத்த விவாதம் நடந்தது. கேட்டுக்கு வெளியே போதும் என்றாள் கோகிலவாணி. அங்கே பழனிக்குமார் இருக்கிறாரே, எடுத்துக்கொள்வாரே என்றான் சென்னியப்பன். கடைசியில் கம்பெனி ஜீப்பில் திருமூர்த்தியை ஏற்றி, டேப்லட்டை மடியில் வைத்து, காங்கேயத்தில் அவன் கடை வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பத்திரமாக இருங்கள், உங்களை நம்பித்தான் இருக்கிறோம் என்று நாச்சிமுத்து கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். ஜீப் திரும்பிப் போனபோது, பூட்டுவதற்கு நேரம் குறித்துக்கொள்ள மறந்துவிட்டதாகப் போன் வந்தது. பூட்டினால் தேடுகிறோம் என்று வந்து கடையைப் புரட்டுவார்கள் என்று பயந்து, பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.

திருமூர்த்தி அன்றைக்கு வேலையே செய்யவில்லை. எத்தனையோ மோட்டார்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். உள்ளே இவ்வளவு கருகிப்போன சரக்கை அவன் பார்த்ததே இல்லை. நல்லவனாக ஆக வேண்டும் என்றால் இந்த மூன்று பேரையும் ஏமாற்றித்தான் ஆக வேண்டும் என்பது அவனுக்கு அவமானமாக இருந்தது.

திங்கட்கிழமை மறுபடியும் போனான். துண்டை மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லி உள்ளே நுழைந்து, குடோன் வழியாக வரும்போது டேப்லட்டை ஒரு மூட்டைக்கடியில் செருகிவிட்டு வெளியேறினான். பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டு, அந்தச் சத்தத்தை ஒரு தரம் போட்டுப் பாருங்கள் என்றான். போட்டார்கள். குடோனுக்குள் மாடு கத்தியது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடி எடுத்தார்கள். சென்னியப்பன் நாச்சிமுத்துவைக் கட்டிக்கொண்டு அழுதான் என்று பழனிக்குமார் பின்னால் சொன்னார். கிடைத்த பூரிப்பில், பூட்டாமல் வாங்கக் கூடாது என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

சொன்னபடியே செல்வநாயகி போன் போட்டாள். டேப்லட் கிடைச்சிருச்சுங்க அம்மிணி என்று நாச்சிமுத்து சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். திருமூர்த்தி ஐயாவை நேரில் எங்கே பார்க்கலாம் என்றும் கேட்டார். அவள் சந்தோஷத்தில் வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று சொல்லி, முத்தூருக்கு வழியும் சொன்னாள். ஒரு வார்த்தை அதிகம் பேசிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை குப்பண்ணன் வாசலில் பந்தல் போட்டு, சொந்தபந்தம் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது. திருமூர்த்தி பட்டு வேட்டியில் இருந்தான். அப்பாவிடம் காயில் விஷயத்தை நிச்சயம் முடிந்ததும் தானே பக்குவமாகச் சொல்வதாகச் செல்வநாயகி சொல்லியிருந்தாள். தட்டு மாற்றக் குப்பண்ணன் எழுந்த நேரத்தில் வெள்ளை மயில் போட்ட ஜீப் வந்து நின்றது. நாச்சிமுத்து, சென்னியப்பன், கோகிலவாணி மூவரும் இறங்கினார்கள். சென்னியப்பன் கையில் ஒரு தாம்பாளம், அதில் டேப்லட், அதன்மேல் சந்தனப் பொட்டு.

கிடைத்த டேப்லட்டை அது யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமே நேரில் ஒப்படைக்க வேண்டும் என்பது கடைசி விதி.

"நீங்க திருடின டேப்லட்டுத் தொலஞ்சுபோச்சுங்க சார்," என்று நாச்சிமுத்து பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "கண்டுபுடிச்சுக் கொண்டாந்துட்டோம்."

குப்பண்ணன் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"திருடின டேப்லட்டா?"

"ஆமாங்க. தங்கமான மனுசன். எத்தனையோ பேரு திருடறாங்க, போன் போட்டா எடுக்கறாங்களா? இவரு ஒடனே எடுப்பாருங்க."

டேப்லட் சரியாக வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக, அதிலேயே கத்தும் பட்டனை அழுத்தினாள் கோகிலவாணி. தாம்பாளத்தில் மாடு கத்தியது. கொட்டகையில் செவலை பதில் கத்தியது. அன்றைக்குச் சினை ஊசி போடச் செலவழித்தது எதற்காக என்று குப்பண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் திருமூர்த்தியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நீ ஆபீசரில்ல?"

"இல்லீங்க மாமா. மோட்டாருக்குக் காயில் கட்டறனுங்க."

எல்லாம் முடிந்தது என்றுதான் திருமூர்த்தி நினைத்தான். செல்வநாயகி அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். தோட்டத்துக் கிணற்று மோட்டார் எரிந்துபோய்ப் பயிர் காய்ந்துகொண்டிருந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"பொய்யச் சொல்லிட்டு வந்தவனுக்குச் சும்மா பொண்ணு குடுக்க முடியாது. போய் மோட்டாரக் கட்டு. தண்ணி வந்தாத் தட்டு மாத்தலாம். வரலீன்னா அப்படியே ஊரப் பாத்துப் போயிரு."

பந்தலே திரும்பிக் கிணற்றுப் பக்கம் பார்த்தது. நாச்சிமுத்துவுக்கு இதில் எதுவும் உறைக்கவில்லை. அவர் திருமூர்த்தியின் தோளைத் தொட்டு, டேப்லட்டை இன்னும் பூட்டவில்லையே, எந்த நேரம் சவுகரியப்படும் என்று கேட்டார். இப்போதே பூட்டுங்கள் என்றான் திருமூர்த்தி. இப்போது கிட்டத்தில் இருக்கிறோமே என்று அவர் தயங்கினார். பிறகு மூவரும் கூடிப் பேசி, டேப்லட்டை அங்கேயே விட்டுவிட்டுத் தாங்களே தூரமாகப் போய்விடுவது என்று முடிவு செய்து ஜீப்பில் ஏறிக் கிளம்பினார்கள்.

திருமூர்த்தி பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மோட்டார் ரூமில் உட்கார்ந்து காயில் கட்டினான். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக அவன் எதையும் கட்டியதில்லை. வெயில் தாழ்கிற நேரத்தில் சுவிட்சைப் போட்டான். குழாய் இருமியது, கொஞ்சம் காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீர் கொட்டியது. வரப்பில் நின்ற செல்வநாயகி சிரித்தாள். குப்பண்ணன் தட்டை எடுத்து வரச் சொன்னார்.

தட்டை வாங்கக் கையை நீட்டியபோது திருமூர்த்தியின் செல்போன் அடித்தது.

"வால்பாறை வந்துட்டோமுங்க," என்றார் நாச்சிமுத்து. "இது தூரந்தானுங்களா?"

"தூரந்தான். பூட்டுங்க."

"பூட்டலாமுங்க. பூட்டற கம்ப்யூட்டரு ஆபீஸ்ல இருக்குது."

திருமூர்த்தி போனை வைக்கப் போனான். வெச்சிராதீங்க, இன்னொரு விஷயம் என்று நாச்சிமுத்து அவசரமாகத் தடுத்தார். டீ குடிக்க இறங்கி வந்து பார்த்தால் ஜீப்பைக் காணவில்லையாம்.

"எடுத்தவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா இருந்தா நம்பர் குடுங்க சார். சாவி எங்ககிட்டத்தான் இருக்குது. எந்த நேரம் பூட்டினா அவருக்குச் சவுகரியப்படும்னு கேக்கோணும்."